தோல் வியாபாரிகள் கொண்டுபோன நற்செய்தி

சியால்கோட்டில் இருந்த அமெரிக்க மிஷனெரி சாமுவேல் மார்ட்டினிடம் 1873 ஜூன் மாதம் ஒருவர் ஞானஸ்நானம் கேட்டு வந்தார். பெயர் தித். முப்பது வயது இருக்கும். குள்ளமான உருவம், காலில் ஊனம். ஊர் ஊராகப் போய் மாட்டுத்தோல் வாங்கி விற்பது தொழில். பஞ்சாபின் சாதி அடுக்கில் அடிமட்டத்தில் வைக்கப்பட்டிருந்த சூஹ்ரா சமூகத்தவர். அவரை அழைத்து வந்த நட்டு, ஜாட் சாதியில் பிறந்து கிறிஸ்தவரானவர். அதனால் குடும்பச் சொத்தை இழந்திருந்தார். மிஷனெரிகளும் அவரைப் பெரிய ஊழியக்காரராக மதிக்கவில்லை.

மார்ட்டின் தயங்கினார். வந்தவர் யார் எவர் என்று தெரியாது. வேதபாடம் எதுவும் படித்தவர் இல்லை. ஆனால் கேட்ட கேள்விகளுக்குச் சொன்ன பதிலில் குறை காண முடியவில்லை, ஆகவே ஞானஸ்நானம் கொடுத்தார். அடுத்ததாகத் தித் சொன்னதுதான் மிஷனெரியைத் திகைக்க வைத்தது. உடனே ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றார். அந்தக் காலத்தில் அது வழக்கமில்லை. ஞானஸ்நானம் பெற்றவரை மிஷன் வளாகத்துக்குள் குடிவைத்து, ஒரு வேலை கொடுத்து, சொந்தக்காரர்களின் கோபத்திலிருந்து காப்பாற்றுவதே நடைமுறை. தித் அதை ஏற்கவில்லை. ஷஹாப்திக்கே என்ற தன் கிராமத்துக்கே போனார். பெரியப்பன் சித்தப்பன் யாரையும் கேட்காமல் மதம் மாறினாயா, இனி நம் வீட்டில் உனக்குத் தண்ணீர்கூடக் கிடையாது என்று உறவினர் ஏசினார்கள். துரையாகிவிட்டான் என்று கேலி செய்தார்கள். அவர் தோல் வியாபாரத்தை விடவில்லை, பேசுவதையும் விடவில்லை. ஆகஸ்டில் மனைவி, மகள், அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் ஆகியோரைக் கூட்டிக்கொண்டு முப்பது மைல் நடந்து மறுபடியும் சியால்கோட் வந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இன்னும் நான்கு ஆண்கள். பதினோராம் ஆண்டில் ஐந்நூறு பேருக்கு மேல். 1915 வாக்கில் சியால்கோட் மாவட்டத்தில் கிறிஸ்தவராகாத சூஹ்ராக்கள் சில நூறு பேரே மிஞ்சியிருந்தார்கள் என்று பிற்காலத்தில் இதை ஆராய்ந்த பிக்கெட் எழுதுகிறார். இன்றைய பாகிஸ்தானியப் பஞ்சாபின் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் இந்த இயக்கத்தின் வழித்தோன்றல்கள்.

சுவிசேஷம் அறிவித்தல் என்றதும் நம் மனத்தில் எழும் படம் வேறு. சந்தையில் நின்று பிரசங்கிக்கும் வெள்ளைக்காரர், கையில் துண்டுப் பிரசுரம், சுற்றிலும் கூட்டம். ஆதரிப்பவர்களின் படமும் எதிர்ப்பவர்களின் படமும் இதில் ஒன்றுதான். முதல் தரப்புக்கு அவர் வீரர், இரண்டாம் தரப்புக்கு வலைவிரிப்பவர், அவ்வளவே வேறுபாடு. இந்தியத் துணைக்கண்டத்தில் கிறிஸ்தவம் பெரிய அளவில் பரவிய இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இந்தப் படம் நிற்கவில்லை. தேடிப் போனவர் பெரும்பாலும் கேட்பவர்தான். மிஷனெரி இருந்த இடத்தில் இருந்தார், சில வேளைகளில் கதவைத் திறக்கவே யோசித்தார். செய்தியைக் கொண்டு போனவர்கள் சம்பந்தி, மைத்துனர், கூடத் தொழில் செய்பவர். அது போன பாதையும் திருமண உறவும் தொழில் தொடர்பும் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த பாதை.

தித்துக்கு ஏழு ஆண்டுகள் முன்பே, ஆயிரம் மைலுக்கு மேல் தெற்கே, இதே கதை நடந்திருக்கிறது. அங்கும் தோல் வியாபாரிதான். ஓங்கோலுக்குத் தெற்கே தல்லகொண்டபாடு என்ற ஊரைச் சேர்ந்த யெர்ரகுண்ட்ல பேரையா, மாதிகா சமூகத்தவர். யோகம் பயின்ற குரு ஒருவரிடம் சீடராக இருந்தவர், தன் மக்களிடையே ஆன்மிகப் பெரியவராக மதிக்கப்பட்டவர். தோல் வாங்க வடக்கே போன பயணத்தில் ஏலூர்ப் பக்கத்து மிஷனெரிகளின் பேச்சைக் கேட்டார். 1866-இல் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜூவெட் அவருக்கும் மனைவி நாகம்மாவுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். அந்த மிஷனின் நிலைமையைச் சொன்னால்தான் இதன் கனம் புரியும். 1840-இல் நெல்லூரில் தொடங்கிய வேலை அது. பலனே இல்லை என்று 1853-இல் அமெரிக்காவில் இருந்த தலைமை அதை மூடிவிடலாமா என்று விவாதித்திருந்தது. 1867 ஜனவரியில் ஜான் க்ளவ் என்ற இளம் மிஷனெரி பேரையாவின் ஊருக்குப் போனபோது சுற்றுப்பட்டுக் கிராமத்தார் மூட்டை முடிச்சோடு காத்திருந்தார்கள். சில நாள் கூட்டங்களின் முடிவில் 28 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் மிஷன் செய்ய முடியாததைச் செருப்புத் தைக்கும் மக்களின் பெரியவர் ஒருவர் சில மாதங்களில் செய்திருந்தார்.

ஓங்கோலில் அப்போது பிராமணக் குடும்பங்களும் க்ளவின் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தன. மாதிகாக்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்று அவர்கள் சொன்னார்கள். மேல்சாதியார் வந்தால் மற்றவர்கள் தாமாக வருவார்கள் என்பதே அன்றைய மிஷன்களில் பரவலாக இருந்த எண்ணம். க்ளவும் அவர் மனைவியும் மாதிகாக்களைச் சேர்ப்பதென்று முடிவெடுத்தார்கள். மேல்சாதி மாணவர்கள் விலகினார்கள்.

1876–78 தாது வருஷப் பஞ்சம் வந்தது. பக்கிங்ஹாம் கால்வாயில் மூன்றரை மைல் வெட்டும் ஒப்பந்தத்தை க்ளவ் எடுத்தார், பட்டினியில் இருந்தவர்களுக்கு அதில் கூலி கிடைத்தது. வேலைத்தலங்களில் தெலுங்கு உபதேசியார்களே மேற்பார்வை. மாலையில் அவர்கள் பேசினார்கள், ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் கேட்டார்கள். க்ளவ் மறுத்துவிட்டார். கஞ்சிக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பது அவர் கணக்கு. 1877 மார்ச் முதல் அடுத்த ஆண்டு ஜூன் வரை ஒருவருக்கும் ஞானஸ்நானம் இல்லை. பஞ்ச நிவாரணப் பணம் நின்ற பிறகு, இனி தர எதுவும் இல்லை, ஊருக்குப் போங்கள் என்று சொல்லிப் பார்த்தார். அவர்கள் போகவில்லை. 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றங்கரையில் 2,222 பேர் ஒரே நாளில் மூழ்கி எழுந்தார்கள். தண்ணீரில் நின்று ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் ஆறு தெலுங்குப் போதகர்கள், இருவர் இருவராக முறை மாற்றிக்கொண்டு. அந்த ஆண்டு முடிவதற்குள் எண்ணிக்கை ஒன்பதாயிரத்தைத் தாண்டியது.

பஞ்ச உதவிக்கும் மனமாற்றத்துக்கும் தொடர்பே இல்லை என்று இதை வைத்து வாதிட முடியாது. ஊரில் பண்ணையார் கைவிட்ட நேரத்தில் ஒருவர் கூலி கொடுத்துக் கூட நின்றார் என்பதை அந்த மக்கள் பார்த்தார்கள், அதை மனத்தில் எடை போட்டார்கள். இதில் வெட்கப்படவோ மறைக்கவோ என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. யாருடைய கடவுள் நமக்காக நிற்கிறார் என்ற கேள்வியை வயிறு நிறைந்தவர்கள் மட்டும்தான் கேட்க வேண்டுமா?

தமிழகத்திலும் இந்தப் பாதை பழையதே. முத்துக்குளித்துறையின் பரதவர்கள் 1530-களின் நடுவில் கிறிஸ்தவரானது சாதித் தலைவர்களின் முடிவால். முத்துக்குளிப்பின் உரிமை குறித்த பகையில் போர்த்துகீசியரின் துணை தேவைப்பட, அவர்களே கொச்சிக்கு ஆள் அனுப்பினார்கள். பிரான்சிஸ் சேவியர் 1542-இல் வந்தபோது ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றிருந்த மக்களுக்குச் செபம் கற்றுக்கொடுப்பதே அவருக்கு முதல் வேலையாக இருந்தது. திருநெல்வேலிச் சீமையில் சாத்தான்குளத்தை அடுத்த காலன்குடியைச் சேர்ந்த சுந்தரானந்தம், தஞ்சாவூரில் தாவீது என்ற பெயரோடு கிறிஸ்தவராகி, உபதேசியாராகத் தன் உறவினர்களிடமே திரும்பினார். எதிர்ப்பைத் தாங்க முடியாமல் அந்தக் குடும்பங்கள் இடம்பெயர்ந்து 1799-இல் அமைத்த ஊர் முதலூர். மயிலாடி மகாராசன் சிதம்பரத்துக்குத் தீர்த்த யாத்திரை போனவர். தஞ்சாவூரில் இருந்த உறவினர் மூலம் அங்கே மிஷனெரி கோலாஃபைச் சந்தித்து, வேதமாணிக்கமாகத் திரும்பினார். எங்கள் ஊருக்கு ஒரு ஐயரை அனுப்புங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதன் பின்னரே 1806-இல் மிஷனெரி ரிங்கல்தௌபே தென் திருவிதாங்கூரில் கால் வைத்தார். வந்த ரிங்கல்தௌபேக்கு நிம்மதி இல்லை. தலைவரியிலிருந்தும் கூலியில்லாக் கட்டாய ஊழியத்திலிருந்தும் தப்பிக்கத்தான் இவர்கள் வருகிறார்கள் என்று புலம்பினார். கூப்பிட்டவர்கள் யார், கூப்பிடப்பட்டவர் யார் என்பது இங்கே தெளிவு.

ஏன் தோல் வியாபாரிகள்? தீண்டாமைக்கு உள்ளானவர்களின் வாழ்க்கை ஒரு பண்ணை, ஒரு சேரி என்று கட்டப்பட்டிருந்தது. பண்ணையாள் அசைய முடியாது. தோல் வாங்குபவர் மட்டும் ஊர் ஊராகப் போவார். ஒவ்வொரு ஊரிலும் தன் இனத்தார் வீட்டில்தான் உண்பார், உறங்குவார், ஏனென்றால் வேறு வீடு அவருக்குத் திறக்காது. ஒரு செய்தி ஐம்பது கிராமங்களுக்குப் போக வேண்டுமானால் அவரைவிட நல்ல ஆள் கிடையாது. இரண்டாவது காரணம் திருமணம். பெண்ணைப் பக்கத்து ஊர்களில் கொடுத்து எடுப்பதால் ஒரு சேரிக்கு இருபது சேரிகளில் சொந்தம் இருக்கும். நல்லது கெட்டதற்கு அவர்கள் கூடும்போது ஒருவர் புதிதாக ஒன்றைச் சொன்னால் அது பிரசங்கமாகாது, வீட்டுப் பேச்சாகிவிடும். மறுத்துப் பேசலாம், திட்டலாம், மறுநாள் காலையில் மறுபடியும் ஆரம்பிக்கலாம். இன்னொரு காரணம் சாதிப் பஞ்சாயத்து. ஒருவர் தனியாக மாறினால் அவருக்குப் பெண் கிடைக்காது, பிணம் தூக்க ஆள் வராது. பஞ்சாயத்தே முடிவெடுத்தால் அந்தப் பயம் இல்லை.

தனியாக மாறுவதன் விலை என்ன என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் 1837-இல் தொடங்கிய பள்ளி, பிற்காலத்துச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் முன்னோடி. மேல்சாதி மாணவர்களுக்கு ஆங்கிலக் கல்வியோடு பைபிளும் கற்பித்தால் அறிவின் வழியாக நம்பிக்கை பிறக்கும் என்பது திட்டம். 1841-இல் ராஜகோபால், வெங்கடராமய்யா என்ற இரு மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெற்றோர் கொதித்தெழுந்தார்கள், பள்ளி ஏறக்குறையக் காலியானது. அந்த இளைஞர்களால் வீட்டுக்குத் திரும்ப முடியவில்லை. திரும்ப முடியாதவர் வாயிலிருந்து யாருக்குச் செய்தி போகும்? அறிவாளிகளை வென்றால் நாடே வெல்லப்படும் என்று நம்பி அந்த நூற்றாண்டில் மிஷன்கள் கல்லூரிகளில் கொட்டிய பணம் கொஞ்சமில்லை. கல்வியாக அது பெரும்பயன் தந்தது. சுவிசேஷப் பணியாக, ஒரு தோல் வியாபாரிக்கு ஈடாகவில்லை.

1928 வாக்கில் தேசிய கிறிஸ்தவக் கவுன்சிலுக்கே இந்தத் திரள் இயக்கங்கள் குறித்துச் சங்கடம் இருந்தது. கும்பலாக வருபவர்கள் உண்மையிலேயே நம்புகிறார்களா என்பது கேள்வி. அமெரிக்க மெத்தடிஸ்ட் மிஷனெரி ஜே. வாஸ்கம் பிக்கெட் தலைமையில் ஆய்வு நடந்தது, 1933-இல் நூலாக வெளிவந்தது. ஏறத்தாழ நாலாயிரம் பேரிடம் ஏன் கிறிஸ்தவரானீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சுமார் மூன்றில் ஒரு பங்கினர் ஆன்மிகக் காரணம் சொன்னார்கள். இன்னொரு மூன்றில் ஒரு பங்கினர் பெற்றோர் கிறிஸ்தவர், அதனால் நாங்களும் என்றார்கள். குடும்பம் வந்தது, தலைவர் சொன்னார் என்ற வகையில் சமூகக் காரணம் சொன்னவர்கள் ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல். உதவியோ பாதுகாப்போ கிடைக்கும் என்று வந்ததாகச் சொன்னவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. கேட்டவர்கள் சபையோடு தொடர்புடையவர்கள், பதில் சொன்னவர்களுக்கு எந்தப் பதில் மதிப்பைத் தரும் என்று தெரியும், ஆகவே கடைசி எண்ணை நான் அப்படியே ஏற்கமாட்டேன். அதைவிட முக்கியமான முடிவு ஒன்று அந்த நூலில் இருக்கிறது. என்ன காரணத்துக்காக வந்தார்கள் என்பதை வைத்துப் பிற்பாடு எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் கணிக்க முடியவில்லை. வந்தபின் சபை என்ன கற்பித்தது, எவ்வளவு கூட நின்றது என்பதே தீர்மானித்தது.

காந்தி இந்த இயக்கங்களைக் கடுமையாக எதிர்த்தார். 1936-இல் அமெரிக்க மிஷனெரித் தலைவர் ஜான் மோட்டுடன் நடத்திய உரையாடலில், பசுவிடம் போய் நற்செய்தி சொல்வீர்களா என்ற பொருளில் கேட்டார். ஹரிஜனங்களுக்கு இயேசுவுக்கும் முகமதுக்கும் நானக்கிற்கும் வேறுபாடு தெரியாது என்பது அவர் கருத்து. காந்தியின் வாழ்வில் என்னால் ஜீரணிக்க முடியாத இடங்களில் இது ஒன்று. மிஷனெரிகள் பலர் தம் கணக்குப் புத்தகங்களில் காட்டிய அகந்தைமீது அவருக்கு இருந்த எரிச்சல் நியாயமானது. ஆனால் முப்பது மைல் நடந்து போய்க் கேட்டவர்களுக்கு எது வேண்டும் என்று தெரியாது என்பது வேறு சங்கதி. பேரையா ஒரு குருவிடமிருந்து இன்னொரு நம்பிக்கைக்கு வந்தவர். வேதமாணிக்கம் சிதம்பரம் வரை தேடிப் போனவர். தேர்வு செய்யத் தெரியாதவர்களின் சரித்திரம் இப்படி இருக்காது.

உறவும் தொழிலும் போட்டுக் கொடுத்த அதே பாதைதான் கிறிஸ்தவத்தைச் சாதிக்குள் கட்டியும் போட்டது.

சொந்தத்தின் வழியே போன செய்தி, சொந்தம் முடிகிற இடத்தில் நின்றது. ஓங்கோல் வட்டாரத்தில் பாப்டிஸ்ட்கள் என்றால் பெரும்பாலும் மாதிகாக்கள், குண்டூர்ப் பக்கம் லூத்தரன்கள் என்றால் பெரும்பாலும் இன்னொரு தீண்டப்படாத சமூகமான மாலாக்கள். மேற்கே இறையியல் சண்டையால் பிரிந்த சபைகள் ஆந்திரத்துக் கிராமத்தில் இரண்டு சேரிகளின் பெயர்களாகிவிட்டன. திருநெல்வேலியில் சபை பெரும்பாலும் நாடார் சபை. தஞ்சாவூரில் வேளாளக் கிறிஸ்தவர்கள் தனியே உட்கார்ந்தார்கள். சாதி வேறுபாட்டை உடனடியாகக் கைவிட வேண்டும் என்று 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பியபோது பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். அதை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் வேதநாயகம் சாஸ்திரியார், தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தின் தலைமகன். அவர் கீர்த்தனைகளை இன்றும் எல்லாச் சாதியாரும் பாடுகிறார்கள். பஞ்சாபிலோ, தித்தின் மக்கள் மதம் மாறியும் தொழில் மாறவில்லை. லாகூரின் துப்புரவுப் பணியாளர்களில் கிறிஸ்தவர்களே பெரும்பான்மை என்ற நிலை இன்றும் தொடர்கிறது.

இந்த எல்லையைத் தாண்டிப் பார்க்க முயன்றவர் ஒருவர் உண்டு, தமிழர். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஒய்.எம்.சி.ஏ. செயலராக 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில் தொண்டிப் பக்கம் ஆள் அனுப்பி ஊழியம் செய்வதைப் பார்த்தார். நூறாண்டுச் சபை என்று பெருமை பேசும் திருநெல்வேலி, வெளிநாட்டுக் காசில்தானே இருக்கிறது என்று உறுத்தியது. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. பணம், ஆள், நிர்வாகம் எல்லாமே இந்தியருடையது என்பது விதி. நிஜாம் ராஜ்யத்தில் தோர்ணக்கல் வட்டாரத்துக்கு ஆள் போனார்கள். தமிழ் நாடார்கள் தெலுங்கு கற்று மாலா, மாதிகா சேரிகளில் குடியிருந்தார்கள். அங்கே உறவும் இல்லை, மொழியும் இல்லை. அசரியா 1909-இல் தாமே அங்கே போனார், 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

இடையில் 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அவர் பேசிய பேச்சு சபையோரை நெளிய வைத்தது. எங்களுக்காக உயிரையும் கொடுக்கிறீர்கள், ஆனால் உங்கள் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு நாற்காலி இல்லை, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பது அதன் சாரம். வெள்ளையருக்கும் இந்தியருக்கும் நடுவில் அவர் கண்ட அதே தடுப்பு, தோர்ணக்கல்லில் மாலாவுக்கும் மாதிகாவுக்கும் நடுவில் கிணற்றிலும் நற்கருணைக் கிண்ணத்திலும் இருந்தது. ஒரே கிண்ணம் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் சாட்சி சொல்லக் கடமைப்பட்டவர் என்று வாக்குறுதி வாங்கினார். ஆண்டுக்கு ஒரு வாரம் சபையார் கூலி வேலையை விட்டுப் பக்கத்து ஊர்களுக்குப் போய்ப் பேசினார்கள். 1945 புத்தாண்டு நாளில் அவர் இறக்கும்போது திருமண்டலத்தின் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. இதில் எதிர்பாராத திருப்பம் ஒன்று: குடியை விட்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்த சேரி மக்களைப் பார்த்துப் பண்ணைக்காரச் சாதியாரில் சிலரும் வர ஆரம்பித்தார்கள். பிக்கெட் 1938-இல் இதற்காகவே தனி நூல் எழுதினார். ஆனால் அசரியாவின் திருமண்டலத்திலும் மாலா வீட்டில் மாதிகாப் பெண் எடுத்த திருமணங்கள் அரிது.

பிக்கெட்டின் ஆய்வால் உந்தப்பட்டவர் டொனால்ட் மெக்கவ்ரன். 1897-இல் மத்திய இந்தியாவின் தமோவில் பிறந்த மிஷனெரி. அவருடைய 1955-ஆம் ஆண்டு நூல், இந்தச் சேரிகளில் நடந்ததை உலகுக்கான கொள்கையாக்கியது. மக்கள் தம் இனம், மொழி, வர்க்கத்தைத் தாண்டாமல் கிறிஸ்தவராகவே விரும்புகிறார்கள், ஆகவே அந்தந்தக் குழுவுக்குள்ளேயே சபை வளரட்டும் என்றார். அமெரிக்க நகர்ப்புறங்களின் பெரும் சபைகள் இதைப் பிடித்துக்கொண்டன. வெள்ளைக்காரர் சபை வெள்ளையாகவே இருப்பதற்கு இதைவிடச் சௌகரியமான இறையியல் கிடைக்குமா? லத்தீன் அமெரிக்க இறையியலாளர் ரெனே பதில்லா போன்றவர்கள் கடுமையாக மறுத்தார்கள். 1977-இல் கலிபோர்னியாவின் பசடேனாவில் கூடிப் பேசியும் தீரவில்லை. தித் செய்ததை மெக்கவ்ரன் சரியாகவே கண்டார். தித்துக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதைத்தான் அவர் கொள்கையாக எழுதும்போது தவறவிட்டார்.

அதே 1977-இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில், அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு தரும் பரப்பும் உரிமை ஒருவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்றது. ஒடிசாவின் 1967-ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கிப் பல மாநிலச் சட்டங்கள் கட்டாயம், ஏமாற்று, ஆசைகாட்டல் ஆகியவற்றைத் தேடுகின்றன. எல்லாவற்றிலும் மாற்றுபவர் ஒருவர், மாற்றப்படுபவர் ஒருவர் என்ற ஏற்பாடு இருக்கிறது. சம்பந்தி வீட்டுத் திண்ணையில் இரவு முழுக்க நடந்த பேச்சை இந்தச் சட்டத்தின் எந்தப் பத்தியில் வைப்பது?

சாதியை மட்டும் அரசு மறக்கவில்லை. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும். 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. பேரையாவின் ஊர் இருக்கும் ஆந்திரத்தில், கிறிஸ்தவரான மாலாவும் மாதிகாவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் 'சி' என்ற தனிப் பிரிவு. அவர்களுக்கு ஒதுக்கீடு ஒரு விழுக்காடு.